உப்புக்காற்றுக்குத் தனிக் கட்டணம்

மகள் விஷயத்தில் தயாபரன் கஞ்சத்தனம் பார்த்ததே இல்லை. ஞாயிறுதோறும் வாடகை அப்பா ஒருவர் வந்து நேத்ராவைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் நண்டு பிடிப்பார். அவர் பார்த்தது, தொட்டது, பேசியது எல்லாம் மாலையில் தயாபரனின் சொந்த நினைவாகவே வந்து சேரும். உப்புக்காற்று வேண்டுமென்றால் தனிக் கட்டணம், அதையும் கட்டியிருந்தான்.

இந்த வாரமும் அலுவலகக் காரில் சாய்ந்தபடி, அந்த நினைவை இறக்கிக்கொள்ளக் காதோரப் பொத்தானை அழுத்தினான். ஈரமான சின்னக் கை ஒன்று அவன் விரலைப் பற்றியது. வளைக்குள் நண்டு ஓடியதும் நேத்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எம்பி, அவன் காதைப் பிடித்திழுத்தாள்.

“அங்கிள், இன்னிக்கு விளையாடினத மட்டும் அப்பாவுக்கு அனுப்பாதீங்க. இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும், சரியா?”

“சரிடா கண்ணு” என்றது தயாபரனின் வாய்.