கடைசிக்கு முந்தின கிளாஸ்

“நியேவெஸ், எனக்குக் கடைசியா ஒண்ணு ஊத்து.”

லெயாந்த்ரோ சாதாரணமாகத்தான் சொன்னான். பக்கத்தில் நின்றிருந்த ஹினேஸின் கையிலிருந்து ஆலிவ் காய் நழுவித் தரையில் உருண்டது.

ஸ்பெயினின் கிரனடா நகரத்தில் எவ்வளவு பெரிய குடிகாரனும் அந்த வார்த்தையை வாயில் எடுக்க மாட்டான். எட்டாவது கிளாஸ் ஆனாலும் அது ‘கடைசிக்கு முந்தினது’தான். கடைசி கிளாஸ் என்பது சாகப்போகிறவன் குடிப்பது. காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டி, ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினம் மதியம் இந்த பீர்க் கடைக் கவுண்டரில் சாய்ந்து நிற்கிற லெயாந்த்ரோவுக்கு இது தெரியாதா என்ன?

“வாய் தவறிச் சொல்லிட்டான், நியேவெஸ். கடைசிக்கு முந்தினதுன்னு எடுத்துக்கோ,” என்றான் ஹினேஸ் அவசரமாக.

“வாயெல்லாம் தவறல. கடைசின்னா கடைசிதான்.”

கடைக்காரி நியேவெஸ் கிளாஸைக்கூட எடுக்காமல் விருட்டென்று சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். புருஷன் இறந்த பிறகு தனி மனுஷியாகக் கடையைத் தூக்கி நிறுத்தியவள் அவள். அழுதாலும் அடுத்தவர் பார்க்க அழமாட்டாள். உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஹினேஸுக்குக் கேட்டது.

தபால்காரன் ஃபாபியான் ஹினேஸின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

“நான் சொன்னப்ப நீ நம்பல. அவன் வீட்டைக் காலி பண்ணிட்டிருக்கான். கட்டில், அலமாரி எல்லாம் அக்கா மகனுக்குக் கொடுத்தாச்சு. உசுருக்கு உசுரா வளர்த்த பறவைக் கூண்டைக்கூட கீழ்வீட்டுக்காரங்க வாசல்ல பார்த்தேன்.”

“வீடு மாத்துறானா இருக்கும்டா.”

“கோயில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவன், பாதிரியாரோட கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினானே, அது எதுக்கு?”

ஹினேஸுக்குத் தெரிந்த ஒன்றை அவன் யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் தையல் கடை வாசலில் லெயாந்த்ரோ கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்ததை அவன் கண்ணால் பார்த்திருந்தான். கல்யாணம் காட்சி என்றாலும் ஸ்வெட்டரோடு போய் நிற்கிற மனுஷனுக்குக் கறுப்புக் கோட்டு எதற்கு? சவப்பெட்டியில் படுக்கும்போது போட்டுக்கொள்ளத்தான்.

திரும்பி வந்து லெயாந்த்ரோவின் தோளில் கை வைத்தான்.

“டாக்டர் என்னடா சொன்னாரு?”

“எந்த டாக்டர்?”

“என்கிட்டயே மறைக்கிற பாரு.”

“இப்ப எதுவும் சொல்ல முடியாதுடா. ஒருத்தர்கிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்.”

பாதிரியாரிடம்தான் கொடுத்திருப்பான் என்று ஹினேஸுக்குப் புரிந்துபோனது. அவனுக்குக் கூடப் பிறந்தவர்கள் நான்கு பேர். யாரோடும் இப்படித் தோள் உரச நின்றதில்லை.

“நான் ஒண்ணு சொல்லணும். மன்னிச்சிருடா. அந்தக் கிறிஸ்துமஸ் டாமினோ ஆட்டத்துல நீ தோத்தியே, ஆறுக்கு ஆறு வில்லை என் சட்டைக் கைக்குள்ளதான் இருந்துச்சு.”

“தெரியும்டா. அன்னைக்குப் பூரா கையை மடக்காம நின்னியே, கட்டு போட்டவன் மாதிரி.”

“தெரிஞ்சும் சும்மா விட்டியா?”

“நீ ஜெயிச்சா வீட்டுக்குப் பாடிக்கிட்டே போவே. அதைக் கெடுப்பானேன்?”

ஹினேஸ் அதற்கு மேல் தாங்கவில்லை. ஊர் பார்க்க அழுதான். “நீ போயிட்டா இந்தக் கடைக்கு நான் எதுக்குடா வரணும்?”

“நான் எங்கடா போறேன்? இங்கயேதான் இருப்பேன். தினம் உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு.”

“போறவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க,” என்றான் ஃபாபியான். தபால்காரத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

நியேவெஸ் வெளியே வந்தாள். அந்தக் கடையில் பீரோடு இலவசமாக வருகிற தின்பண்டத் தட்டை யாரும் கேட்டு வாங்க முடியாது. அவள் கொடுப்பதுதான். முதல் கிளாஸுக்கு ஆலிவ், அடுத்ததற்குப் பொரித்த மீன், அதற்கு மேலும் நிற்கிறவனுக்குக் கொஞ்சம் இறைச்சி. இன்று அவள் கொண்டுவந்து வைத்ததோ ஒயினில் வேகவைத்த பன்றிக் கன்னம், ஒரு முழுத் தட்டு. திருவிழாவுக்கு மட்டும் சமைப்பது. வாசனையே ஆளைத் தூக்கியது.

தட்டை லெயாந்த்ரோ முன்னால் நகர்த்தினாள். குழாயைத் திறந்து, நுரை வழியாமல் கிளாஸை நிரப்பினாள்.

“இந்தா. கடைசி.”

ஹினேஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நீயெல்லாம் ஒரு பொம்பளையா? இத்தனை வருஷமா உன் கடையே கதின்னு கிடந்தவன். அப்படிச் சொல்லாதய்யான்னு ஒரு வார்த்தை உன் வாயில வரல. உள்ள போய் மூக்கை உறிஞ்சினதோட உன் துக்கம் தீர்ந்துருச்சா? கூசாம நீயும் அந்த வார்த்தையைச் சொல்லி ஊத்துற.”

லெயாந்த்ரோ ஒரே மூச்சில் குடித்து முடித்து, மீசை நுரையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். இனியாவது சொல்லலாமா என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“கடைசின்னு சொல்லச் சொன்னதே நான்தான்,” என்றாள் நியேவெஸ். கவுண்டருக்கு அடியிலிருந்து மடிப்புக் கலையாத புது ஏப்ரன் ஒன்றை எடுத்து லெயாந்த்ரோவின் தோளில் போட்டாள். “உள்ள வாய்யா. சனிக்கிழமை நம்ம கல்யாணம் முடிஞ்சா நீ என் புருஷன், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிறவன். இவங்களுக்கு ஊத்தலாம், குடிக்கக் கூடாது.”