கழித்தால் மிச்சம் நாய்

வீட்டில் அவனுக்குப் பெயர் சின்னவன். வயது இருபத்துமூன்று. இப்போது இருப்பது அம்மாவின் கைக்கு எட்டாத ஒரு நாட்டில், நாய் ஆஸ்பத்திரியில், எடை மெஷினுக்குப் பக்கத்தில்.

"நீ இளைச்சேன்னு தெரிஞ்சுது, அடுத்த பிளேன்ல இங்க இருக்கணும்" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பிவைத்தாள்.

தினமும் போனில், "குண்டாயிட்டேம்மா" என்பான். அவள் வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் சிக்னல் இருக்காது. அவனுக்குச் சமைக்கத் தெரியும் என்பதும் போனில் சொன்னதுதான்.

எடை மெஷினில் எந்த நாய் ஒழுங்காக நிற்கும்? அதனால் நாயைத் தூக்கிக்கொண்டு அவனே ஏறுவான். காட்டும் எண்ணில் அவனுடைய அறுபத்தொன்றைக் கழித்தால் மிச்சம் நாய். அந்த அறுபத்தொன்றை அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டரே சுவரில் எழுதிவைத்திருந்தார்.

மூன்று மாதம் ஆயிற்று. அவன் சேர்ந்த புதிதில் எடை பார்த்த நான்கு நாய்கள் அன்று காலை மறுபடி வந்தன; நான்குமே ஐந்தைந்து கிலோ குறைந்திருந்தன.

நான்காவது நாயின் சொந்தக்கார அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டார்.

"இதுவா இளைச்சிருக்கு? மாடிப்படியைப் பாத்தா என்னைத் திரும்பிப் பாக்குது, தூக்குன்னு."

நாய் அதை மறுக்கவில்லை. அப்படியே படுத்துக்கொண்டது.

ஊருக்குள் புது நோய் ஏதும் வந்துவிட்டதோ என்று டாக்டர் பயந்தார். நான்கு நாய்களுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு மெஷின்மேல் சந்தேகம் வந்து, பத்து கிலோ தீனி மூட்டையை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

பத்து காட்டியது.

"நீ மட்டும் ஏறு."

ஏறினான். மூச்சை இழுத்துப் பிடித்து நெஞ்சை உப்பிக்கொண்டான். காற்றுக்கு எடை போதவில்லை.

ஐம்பத்தாறு.

டாக்டர் சுவரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். புதிதாக ஒரு நோயாளி அட்டையை எடுத்தார். இனம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். எடை, ஐம்பத்தாறு.

"உரிமையாளர்?"

"அம்மா" என்றான், யோசிக்காமல்.

"நம்பர் சொல்லு. சாயங்காலம் கூப்பிடறேன்."

டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய வாய். சொல்லிவிட்டது.

மதியம் மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குடும்ப குரூப்பைத் திறந்து, போனிடம் மெல்லிய குரலில் பேசினான். அது எழுதிக்கொண்டது.

"அக்காவோ மாமாவோ, யார் முதல்ல படிச்சாலும் சரி, அம்மா போனைக் கொஞ்சம் ஒளிச்சு வைங்க. சாயங்காலம் நாய் டாக்டர் ஒருத்தர் கூப்பிடுவார். அம்மா குளிக்கிறாங்கன்னு சொல்லிடுங்க."