ரோஜாப் பாத்தி இருக்கும் சரிவு

அரண்மனைத் தோட்டத்துக்கு வாராவாரம் வந்தும் அவள் ரோஜாக்களை நின்று பார்த்ததே இல்லை. சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவளுக்குத் தெரிவதெல்லாம் கணவரின் பிடரி மட்டும்தான். சரிவுப் பாதையில் ரோஜாப் பாத்தி வரும்போது பிரேக்கைப் போட்டுவிட்டுச் சற்று நிற்பாள். உடனே அவர் கையை இறக்கி, முதலில் இடது பிரேக்கையும் பிறகு வலதையும் எடுத்துவிடுவார். நாற்காலி உருளும். இவள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிப் பிடிக்க வேண்டும். "பூ பாக்கவா உன்னக் கூட்டிட்டு வந்தேன்?" என்று சிரிப்பார்.

அவர் செத்த பிறகு அவள் முதன்முதலாகத் தனியே வந்தாள். வாசல் காவலாளிக்குச் சேதி தெரியும்.

"அம்மா, பின்வாசல்ல வர்றவங்களுக்குக் குடுக்கச் சக்கர நாற்காலி இல்லையாம். அந்தப் பக்கமாத்தானே போறீங்க, இதத் தள்ளிட்டுப் போய் விட்டுடுறீங்களா? உங்களுக்குப் பழக்கம்தானே."

முடியாது என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கமில்லை. "குடுங்க," என்றாள்.

காலி நாற்காலி ஒற்றை விரலுக்கே நகர்ந்தது. சரிவில் இரண்டு பிரேக்கையும் இறுக்கி, ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. திரும்பி ரோஜாக்களிடம் போனாள். சிவப்பு என்று அவள் நினைத்திருந்தவை ஓரத்தில் கறுத்திருந்தன. இது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று குனிந்தாள்.

பின்னால் பிரேக் விடுபடும் சத்தம் கேட்டது. இடது. பிறகு வலது.

பாதையில் யாரும் இல்லை. நாற்காலியிலும் யாரும் இல்லை. அது உருண்டு போய்க்கொண்டிருந்தது. போனால் போகட்டும் சனியன் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள், கால்கள் அவளைக் கேட்காமலே ஓடத் தொடங்கியிருந்தன.