பயன்படுத்துவோர்: ஒருவர்

ஒரு நிரலை நீக்கக் கோரும் மடலை எழுதி முடித்து, காரணம் என்ற இடத்தில் இக்லிகா தட்டினாள்: "யாரும் பயன்படுத்துவதில்லை."

"ஒருத்தர்னு காட்டுதே," என்றான் கணவன் தெயான், அவள் தோளுக்குப் பின்னால் நின்று காபி குடித்தபடி. "அந்த ஒருத்தரோட பாவம் உன்னச் சும்மா விடுமா?"

"அந்த ஒருத்தருக்காக நான் எத்தன ஞாயித்துக்கிழமையத் தொலைக்கிறது?"

கணினியைத் திறந்ததும் இன்று யாருக்குப் பெயர்நாள், அதாவது எந்தப் பெயருக்கெனத் தேவாலய நாட்காட்டி குறித்த நாள் என்று ஒரு வரி சொல்லும் சின்ன நிரல் அது. எழுதியவன் அவள் நண்பன் மோம்சில். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி அதைத் தொகுத்து, ஒவ்வொரு புது வெளியீட்டிலும் ஓட வைத்துக்கொண்டிருந்தவள் இக்லிகா. எத்தனை கணினிகளில் இருக்கிறது என்று கணக்கு வரும். ஆள் பெயர் வராது.

தன் புது மடிக்கணினியில் அவளே அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

போட்டால் மோம்சில் ஞாபகம் வரும்.

ஈஸ்டர் என்றைக்கு என்று கண்டுபிடிக்க அவன் பக்கம் பக்கமாக ஒரு கணக்கு எழுதியிருந்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஈஸ்டர் முடிந்த கையோடு அவள் அதைத் தூக்கிவிட்டு, உலகமே பயன்படுத்தும் ஆயத்தக் கணக்கு ஒன்றை ஒரே வரியில் சேர்த்தாள். "இந்தக் குப்பையை இனி யார் கூட்டுவது?" என்று எல்லோரும் படிக்கிற குழுவிலேயே எழுதினாள். லினக்ஸ் இருக்கும் திசையில் இனித் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று அவனும் அங்கேயே எழுதிவிட்டுப் போனான்.

போனவன் போனவன்தான்.

அதற்கு முன்பெல்லாம் அவள் பெயர்நாளுக்கு முதலில் வந்து மணி அடிப்பவன் அவன். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வருகிறவர்கள் வருவார்கள், வீட்டுக்காரர் மேசையைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். போன வருடமும் அவள் மேசை போட்டாள். எல்லோரும் வந்தார்கள். அவன் வரவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் மோம்சில். ஒரு கையில் மதுப் புட்டி, இன்னொரு கையில் வில்லோ மரக் கிளை. காலணியெல்லாம் சேறு.

"பெயர்நாள் வாழ்த்து, இக்லி. உள்ள விடுவியா, இல்ல அதுக்கும் குழுவுல ஓட்டு எடுக்கணுமா?"

கதவைப் பிடித்தபடியே அவள் நாளை எண்ணிப் பார்த்தாள்.

இக்லிகா என்பது வசந்தத்தில் முதலில் பூக்கும் மஞ்சள் பூ. பூவின் பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் ஈஸ்டருக்கு முந்தைய பூ ஞாயிறுதான், அதாவது குருத்தோலை ஞாயிறுதான், பெயர்நாள். ஆனால் பூ ஞாயிறு அடுத்த வாரம் அல்லவா?

ரோமாபுரிக் கத்தோலிக்கர்களுக்குத்தான் இன்றைக்கு. அவர்கள் ஈஸ்டர் வேறு, நம் கிழக்குச் சபையின் ஈஸ்டர் வேறு.

அவள் சேர்த்த அந்த ஒரு வரி, ரோமாபுரிக் கணக்கு.

போன வருடம் இரண்டு ஈஸ்டரும் ஒரே நாளில் விழுந்துவிட்டதால் தப்பு வெளியே தெரியவில்லை. இந்த கப்ரோவோ ஊர் முழுவதிலும், இன்று இக்லிகாவுக்குப் பெயர்நாள் என்று சொல்லக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்.

அப்படியென்றால், அந்த ஒருவர்.

"என்னப்பா, பூ ஞாயிறு வந்து..." என்று தெயான் ஆரம்பித்தான். அவள் அவன் காலை அழுத்தி மிதித்தாள்.

"வந்து உக்காருன்னு சொல்றாரு. வாடா."

மேசையில் ரொட்டி வந்தது, ஆலிவ் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பில் மீனுக்கு அடுத்த அனுமதி பூ ஞாயிற்றுக்குத்தான். தெயான் மேலே ஒரு தரம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, மீன் டப்பாவை ஒரு வாரம் முன்னதாகவே திறந்தான்.

இக்லிகா உள்ளே போய் மடலை அழித்தாள்.

பிறகு கிளையைத் தண்ணீரில் வைக்கக் கண்ணாடிக் குவளை எடுத்தாள். பூ ஞாயிறன்று கோயில் முற்றத்தில் குருத்தோலைக்குப் பதிலாக வில்லோ மலையாகக் குவிந்து கிடக்கும். பாதிரியார் மந்திரித்துக் கொடுப்பார். கத்தரியால் நறுக்கிய சின்னக் கிளைகள்.

இது கையால் முறித்தது. முனையில் பட்டை உரிந்து தொங்கியது. ஆற்றின் ஈரம் இன்னும் காயவில்லை.

அவன் வீட்டிலிருந்து இங்கே வர, கோயிலைத் தாண்டித்தான் வர வேண்டும். இன்று அந்த முற்றத்தில் ஓர் இலைகூடக் கிடந்திருக்காது; அதை அவன் பார்க்காமல் வந்திருக்க முடியாது.

வாசலில் அவன் கழற்றிவிட்ட காலணியை இக்லிகா திரும்பிப் பார்த்தாள். யாந்த்ரா ஆற்றங்கரைச் சேறு.

குவளையை மேசை நடுவில் வைத்தாள்.

"அடுத்த ஞாயிறும் வருவியாடா?"

"அடுத்த ஞாயிறு என்ன விசேஷம்?" என்று கேட்டான் மோம்சில், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.