கோன் அடுக்குகிறவர்

"எங்க அண்ணனைத் தூக்கிட்டு அந்த எடத்துல உக்காரச் சொன்னா, பல்ல இளிச்சுக்கிட்டு உக்காந்துடுவீங்களா?" வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் மனைவி.

தோல்விமேல் தோல்வி. கால்பந்து கிளப் காலையில் தலைமைப் பயிற்சியாளரான அவள் அண்ணனை நீக்கிவிட்டது. பத்து வருடமாக அவருக்குக் கீழே உதவிப் பயிற்சியாளராக மைதானத்தில் பயிற்சிக்கான பிளாஸ்டிக் கோன் அடுக்கிய அவள் கணவருக்கு அந்தப் பதவி.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். என் கண்டிஷனுக்கு ஒத்துக்கிட்டாங்க. சரின்னுட்டேன்."

"அப்படி என்ன கண்டிஷன்?"

அவர் நேராக உள்ளே போனார். சோபாவில் சுருண்டு கிடந்த மைத்துனர்மேல் விசிலைப் போட்டார்.

"எனக்கு அசிஸ்டென்ட் யாருன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்னேன். இந்த சீசன் ஜெயிச்சே ஆகணும். எந்திரிங்க மச்சான், நாளைக்குக் கோன் அடுக்கப்போறது நீங்க!"