நான்காவது உப்பு

"மூணு கம்பெனி உப்பு மாத்தியாச்சு சார். இனிமே உப்பு மேல பழி போட முடியாது," என்றான் செந்தமிழ்செல்வன்.

தட்சிணாமூர்த்தி கடையின் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடல்மீன் தொட்டிக்கான உப்பு பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. எந்தக் கம்பெனியானாலும் அட்டையில் அதே பவளப்பாறை, அதே கோமாளி மீன். விற்கிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

இதற்காகவே சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி கடலூருக்கு வந்திருக்கிறார். ஆறு மாதமாக இதே பிழைப்பாகப் போய்விட்டது.

தொட்டி அவர் மகன் அன்பரசுவுடையது. சுனாமிக்கு அடுத்த வருஷம் கடல் உயிரியல் படிக்கச் சேர்ந்தவன். அரை மணி பஸ்ஸில் போனால் கடல், இவன் காசு கொடுத்து உப்பு வாங்கி வீட்டுக்குள் கடல் செய்கிறானே என்று அண்ணாமலை நகரில் கேலி செய்யாத ஆள் இல்லை. கரைத் தண்ணீரில் சேறும் டீசலும் கலந்திருக்கும், பவளம் தாங்காது என்பான்.

போன ஆவணியில் தயிர் வாங்கப் போனவன், வண்டிகேட் திருப்பத்தில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான்.

தயிர் வாங்கி வரச் சொன்னவள் அவன் அம்மா அமராவதி.

"நான்தானே அனுப்புனேன்" என்பதைத் தவிர அன்றிலிருந்து அவள் பெரிதாக எதுவும் பேசியதில்லை. வந்தவர்கள் ஆறுதல் சொல்லி அலுத்துப்போய், வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

அவளைப் பாயிலிருந்து எழுப்பியது அந்தத் தொட்டி ஒன்றுதான்.

விடிந்தால் தொட்டியில் ஒரு விரற்கடை தண்ணீர் குறைந்திருக்கும். மகன் சுவரில் ஒட்டிவைத்த சீட்டைப் படித்து, அதில் உள்ள அளவுக்கு உப்பைக் கரைப்பாள். குழம்புக்குப் பார்ப்பதுபோல ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பிறகு ஊற்றி நிரப்புவாள். பிள்ளையின் தொட்டியில் அழுக்குக் கையை வைக்கக்கூடாது என்று தினமும் குளித்தாள். குளித்ததால் கொஞ்சம் சாப்பிட்டாள்.

முதலில் பவளங்கள் வெளுத்தன. பிறகு இறால்கள் போயின. பிறகு மீன்கள், ஒவ்வொன்றாக. இப்போது ஒரே ஒரு கோமாளி மீன் மட்டும் மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொன்று மிதக்கும்போதும் அவள் புருஷன் முகத்தைத்தான் பார்ப்பாள்.

"அவன் எழுதிவெச்சபடிதானங்க செஞ்சேன்?"

உப்பு சரியில்லை, வேறு வாங்கி வருகிறேன் என்பார் அவர். அவளுக்கு உடனே முகம் தெளியும். உப்புக்காரனை ஒரு பாட்டம் திட்டுவாள். அந்தத் திட்டைக் கேட்கவே அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

செந்தமிழ்செல்வன் விடுவதாக இல்லை. நல்ல பையன். வியாபாரம் போனாலும் மீன் பிழைக்க வேண்டும் என்று நினைக்கிறவன்.

"உப்பு மீட்டரு என்ன காட்டுது சார்?"

"அது ஒடஞ்சிபோச்சு தம்பி."

"சரி, தெனம் தண்ணி கொறையுதுல்ல, அதுக்கு என்ன ஊத்துறீங்க?"

"உப்புத் தண்ணிதான்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தான். பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒரு தொட்டி வரைந்தான்.

"தண்ணி மட்டுந்தான் சார் ஆவியா போவும். உப்பு உள்ளயே நின்னுடும். நீங்க தெனம் மேல மேல உப்ப ஏத்திக்கிட்டே வந்திருக்கீங்க. சீட்டுல இருக்கறது வாரத்துக்கு ஒருக்கா தண்ணி மாத்தறதுக்கு. கொறையறதுக்கு வெறும் தண்ணி ஊத்தணும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பெரிய மனுஷரிடம் நீங்கள்தான் கொன்றீர்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டதே என்று, ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

தட்சிணாமூர்த்தி தண்ணீரைக் குடித்தார். புதிதாகக் கேட்கிறவர் போலப் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

பல்கலைக்கழக வேதியியல் லேப்பில் முப்பத்தோரு வருஷம் டிஸ்டில்டு வாட்டர் இறக்கியவர் அவர். எது ஆவியாகும், எது அடியில் தங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

முதல் பவளம் வெளுத்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாயெடுத்தார். அமராவதி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படியே விழுங்கிவிட்டார். பெற்றதையும் நானே கொன்றேன், அவன் வளர்த்ததையும் நானே கொன்றேன் என்று அவள் ஒரு தடவை நினைத்துவிட்டால் போதும், அப்புறம் அவளை எழுப்ப இந்த உலகத்தில் எதுவும் இல்லை. மீட்டரைக் கொண்டுபோய் பரண் மேல் ஒளித்தார்.

அவள் குளிக்கப் போகும் நேரத்தில், தொட்டியிலிருந்து இரண்டு சொம்பு எடுத்துக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் இரண்டு சொம்பு ஊற்றுவார். அவள் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவாள். அது போதவில்லை.

"நாளைலேருந்து வெறும் தண்ணி ஊத்துங்க சார். உப்பே வேணாம். அந்த ஒண்ணாவது பொழச்சிக்கும்," என்றான் செந்தமிழ்செல்வன்.

தட்சிணாமூர்த்தி எழுந்து அலமாரியைக் காட்டினார்.

"அந்த மேல் தட்டுல இருக்கறத எடு தம்பி. அந்தப் பேர அவ இன்னும் பாக்கல."