கோளாறு ஒயர்லதான்

"மூணு வாரத்துல மூணு ஒயர்! இன்னும் படம் நின்னு நின்னுதான் வருது. ஊரை ஏமாத்துறதுக்குன்னே கடை வெச்சிருக்கீங்களா?"

டெக்னீஷியன் வாசலில் ஷூவைக் கழற்றுவதற்குள் பெரியவர் ஆரம்பித்துவிட்டார்.

கடையில் அவருக்கு 'ஞாயித்துக்கிழமை' என்றே பெயர். வாராவாரம் அன்றைக்குத்தான், வெளிநாட்டு மகனோடு வீடியோவில் பேசி முடித்த கையோடு, கடைக்கு போன் போட்டுக் கத்துவார். அவர் வீட்டுக்கு யார் போவது என்று கடையில் சண்டையே நடக்கும். இன்றைக்கு, மகன் பேசும் நேரத்திலேயே ஆள் வந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு.

"சார், முதல்ல நீங்களே வாங்கிப் போட்டிருந்தது தட்டை ஒயர். உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. அதைத் தூக்கிப் போட்டோம். அடுத்து கேட் ஃபைவ் ரக ஒயர். அதுவும் பத்தலைன்னீங்க. போன வாரம் போட்டது கேட் சிக்ஸ், சுத்தச் செம்பு. கரண்ட் லைனை விட்டு ஒரு சாண் தள்ளித்தான் இழுத்திருக்கேன். வீட்டுக்கு இதுவே தாராளம்."

"கேட் எயிட்னு ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு. ஆனா உங்களுக்கு வர்ற லைன் வேகம் அதேதானே? மோட்டாரை மாத்தாம பைப்பை மட்டும் பெருசாக்கி என்ன பிரயோஜனம்?"

"வியாக்கியானம் வேண்டாம். பத்து மணிக்குப் பையன் வருவான். நீயே கண்ணால பாரு."

உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தார் அவர் மனைவி. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதம். கனத்த சுவர்கள். முன்னறையில் இருக்கும் மோடத்தின் வைஃபை அங்கே எட்டாது. அதனால்தான் கட்டில் வரைக்கும் இந்த ஒயர்.

"வாங்க தம்பி. இவர் கத்துறதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

டெக்னீஷியன் கட்டிலருகே இருந்த லேப்டாப்பில் ஒயரைச் செருகி வேகத்தை அளந்தான். முழு வேகம். கம்பெனி சொன்னதில் ஒரு துளி குறையவில்லை.

பத்து மணிக்கு மகன் வந்தான். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. புது ஆபீஸ், புது கார், மகளின் நீச்சல் வகுப்பு என்று எட்டு நிமிடம் பேசினான். ஒரு சொல் விட்டுப் போகவில்லை.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, பதினாலாம் தேதி அம்மாவுக்கு ஆபரேஷன். கையெழுத்துப் போட, ஓடியாட இன்னொரு ஆள் கூட இருக்கணும்ங்கிறார் டாக்டர். நான் ஒத்தை ஆள். நீ ஒரு பத்து நாள் வந்து..."

படம் நின்றது.

மகனின் வாய் பாதி திறந்தபடி. கண் இமைக்கவில்லை.

"ஹலோ... ஹலோ... டேய், கேக்குதா?" பெரியவர் லேப்டாப்பைத் தட்டினார்.

டெக்னீஷியன் வேகத்தைப் பார்த்தான். அப்படியே இருந்தது. திரும்பத் திரையைப் பார்த்தான். மகன் சிலை மாதிரி இருந்தான். அவன் தோளுக்குப் பின்னால் ஜன்னல் துணி மட்டும் காற்றில் எழுந்து அடங்கியது. மறுபடி எழுந்தது.

இணைப்பு அறுந்து போனது.

"பாத்தியா? பாத்தியா? இப்பவாவது நம்புறியா? இரு, மோடத்துல விளக்கு எரியுதான்னு பாத்துட்டு வர்றேன்." பெரியவர் முன்னறைக்கு ஓடினார்.

டெக்னீஷியன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

"ஜன்னல் துணியைப் பாத்துட்டீங்க இல்ல?" அந்த அம்மாவின் குரல் அமைதியாக இருந்தது. "போன வாரம் பேத்தியே குறுக்கே ஓடினா. இவர் போட்ட சத்தத்துல கவனிக்கலை."

"அம்மா..."

"வான்னு சொன்னாலே அவனுக்கு இப்படித்தான் நின்னு போகும். ஒரு உதவி செய்யுங்க தம்பி. ஒயர்லதான் கோளாறுன்னு சொல்லிட்டுப் போங்க. இவர் நெஞ்சு தாங்காது. பையன் டிக்கெட் எடுக்கத் தயாரா இருக்கான், லைன்தான் கழுத்தறுக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்."

காலடிச் சத்தம் கேட்டது. அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"விளக்கெல்லாம் எரியுதே! அப்புறம் என்னதான் கேடு?"

பன்னிரண்டு வருடத் தொழில். தான் இழுத்த ஒயரைத் தானே குறை சொன்னதில்லை. டெக்னீஷியன் குனிந்து ஒயரைத் தடவிப் பார்த்தான்.

"ஒயர்லதான் சார் கோளாறு. கதவோரம் மடங்கி நசுங்கிடுச்சு. என் தப்புதான்."

"அப்படிச் சொல்லு! இதை ஒத்துக்க உனக்கு இவ்வளவு நேரமா? வேலை தெரியாதவனையெல்லாம் அனுப்பி உயிரை வாங்குறானுங்க! கேட்டுக்கிட்டியாடி, ஒயராம்! நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

பேச்சு வாங்கியபடியே பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். பெரியவரும் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். தெருக்கதவைச் சாத்தியதும் திட்டு நின்றது. அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளைப்பா, அவ முன்னாடி ஒயர்னு சொன்னே. அந்த ஜன்னல் துணி ஆடினதை நீயும் பாத்தே, எனக்குத் தெரியும்."



பெரியவர் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தக் கேட் எயிட்டைக் கொண்டு வந்து போட்டுடு. அவ பாவம், கோளாறு ஒயர்லதான்னு நம்பிக்கிட்டு இருக்கா."